பெயர் வரும் இடத்தில் நின்ற டேப்

எங்கள் செட்டின் பாடல்களை இப்போது இணையத்தில் கேட்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தவறாமல் பாராட்டுகிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நொடி அதே பாட்டு வேறொரு மூச்சில் தொடரும். அந்தக் காலத்திலேயே இப்படி வெட்டுகிற துணிச்சல் இருந்திருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். என்னைத் தேடிப்பிடித்து வந்து, பழைய கேசட்டுகளை வாங்கிப்போய்க் கணினியில் ஏற்றிய இளைஞரும், "சார், அந்த கட் யாரோட ஐடியா?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். பொய் இல்லை. ஆனால் அது ஐடியா இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நாங்கள் நாலு பேர். பாடகர் வியாசர்பாடிக்காரர். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. டோலக் வாசித்தவர் அவருடன் வேலை செய்த கூட்டாளி. டிரம்ஸ் அடித்தவர் கல்யாணத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் போகிற ராயபுரத்துப் பேண்டு செட்டிலிருந்து வந்தவர். நான் கிட்டார். மாதா கோயில் பாடற்குழுவில் கற்றது. அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். செட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருகிற தப்பைப் புரிந்துகொள்ள அது வேண்டும்.

கானாவும் கிட்டாரும் சேர்ந்த அந்த இசைக்கு இப்போது நாட்டுப்புற ராக் என்கிறார்கள். நாங்கள் அப்படி எதுவும் சொல்லிக்கொண்டதில்லை. ஜனங்கள் எங்களைக் கிட்டார் செட்டு என்றார்கள். "பேர் வெக்கலாமா?" என்று நான் ஒருமுறை கேட்டபோது பாடகர், "பேர் வெச்சா போர்டு எழுதணும், போர்டு எழுதினா அதத் தூக்கினு போவ ஒரு ஆள் வோணும். நீ தூக்குவியா வாத்யாரே?" என்றார். அத்தோடு விட்டோம்.

ஆம்ப்ளிஃபயரையும் டிரம்ஸையும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில் வாசித்தோம். மணலியில் ஆலை வாசலில் நடந்த சங்கக் கூட்டங்களில் வாசித்தோம். ஆனால் எங்களை அதிகம் கூப்பிட்டது சாவு வீடுகள்தான். செத்தவர் வீட்டில் கானா பாடுவது அந்தப் பக்கத்தில் வழக்கம். கிட்டாரோடு பாடியது நாங்கள்தான். முதலில் சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு, "அந்த கிட்டாரு அழுவுதுபா" என்று அவர்களே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

எங்கள் பாடகரிடம் ஒரு முறை இருந்தது. வாசித்து முடித்ததும் டீ குடிக்கிற நேரத்தில் வீட்டு ஆள் ஒருவரிடம், வந்திருக்கிறவர்கள் யார் யார் என்று கேட்டு வைத்துக்கொள்வார். அடுத்த பாட்டில் இரண்டு சரணம் முடிந்ததும் பாட்டை நிறுத்துவார். டோலக் மட்டும் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும். அவர் செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டு, உன் அக்கா வந்திருக்கிறாள், உன் அக்கா மகன் மாதவரத்திலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான், உன்னோடு சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரியும் வந்திருக்கிறாள், பார் என்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் தெரிவிப்பார். தங்கள் பேர் வந்ததும் அதுவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் உடைந்து அழுவார்கள். அது முடிந்த பிறகுதான் மூன்றாவது சரணம்.

ஒரு பேர் விட்டுப்போனால் பெரிய தகராறு. புளியந்தோப்பில் ஒரு கிழவர் பாடகரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, செத்துப்போனவன் எனுக்குக் கூடப்பொறந்தவன். கண்டவன் பேரெல்லாம் சொல்ற, என் பேரு உன் வாயில வர்ல? நா வந்தது அவனுக்கு எப்டித் தெரியும்?"

"கோச்சிக்காத நைனா. கடசியா ஸ்பெஷலா சொல்லலாம்னு வெச்சினு இருந்தேன்."

"டபாய்க்காத. இப்ப சொல்லு."

பாடகர் உடனே அங்கேயே நின்று, டோலக்கும் இல்லாமல், செத்தவர் பக்கம் திரும்பிக் கிழவரின் பேரைப் பாடினார். கிழவர் சட்டையை விட்டுவிட்டு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதார். நான் இதையெல்லாம் பார்த்தவன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

என் சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர். ஒரு பயணத்திலிருந்து எனக்கு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து தந்தார். கைப்பிடி வைத்த, ஒலியின் அளவைக் காட்டும் ஊசி வைத்த நல்ல இயந்திரம். அதை எல்லா இடத்துக்கும் தூக்கிப்போய்ப் பாடல்களைப் பதிவு செய்தேன். கிட்டாரை வாசித்துக்கொண்டே வலது கால் பக்கம் இயந்திரத்தை வைத்துக்கொள்வேன். பேர் சொல்லும் இடத்தில் எனக்கு வாசிக்க ஒன்றுமில்லை. கை சும்மா இருக்கும். அப்போது குனிந்து, டேப்பை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அழுத்துவேன். மூன்றாவது சரணம் தொடங்கும்போது விடுவேன். அதுதான் அந்த 'டக்'.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல வருடங்கள் எனக்கே வெவ்வேறு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டேப்பை மிச்சப்படுத்த என்று சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. பாட்டு எல்லாருக்குமானது, பேர்கள் அந்த ஒரு வீட்டுக்கானவை என்று நினைத்தேன். யாரோ ஒருவருடைய அக்கா மகன் வந்ததைக் கேட்க யாருக்கு அக்கறை இருக்கும் என்று நினைத்தேன். என்றாவது ஒரு கேசட் கம்பெனி இதைக் கேட்டு எங்களைக் கூப்பிடும், அன்றைக்குச் சுத்தமான பாட்டு இருக்க வேண்டும் என்று நினைத்தேன். படிப்பு எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

பாடகர் கவனிக்காமல் இல்லை.

"இன்னா வாத்யாரே, நா பேர் சொல்றப்ப மட்டும் உன் பொட்டில சக்கரம் நின்னுபூடுது?"

"பாட்டரி மிச்சம் பண்றேன் அண்ணா."

"மிச்சம் பண்ணி? அதுல கஞ்சி காச்சப்போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. படித்தவன் ஏதோ தெரிந்து செய்கிறான் என்று விட்டிருப்பார்.

கம்பெனியும் ஒருநாள் கூப்பிட்டது. ஒரு கேசட் போட்டோம். பாட்டில் இருந்த 'கீது' எல்லாவற்றையும் நான் 'இருக்குது' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். பாடகர் அதைப் பாடிவிட்டு, ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டார். "இது நா இல்ல வாத்யாரே. யாரோ ரேடியோல நூஸ் படிக்கிறவன்" என்றார். கேசட் போகவில்லை. பாரிமுனை நடைபாதையில் கொஞ்ச நாள் கிடந்தது. ஆனால் அது இங்கே பெரிய விஷயம் இல்லை. தோற்றுப்போன கேசட்டுகள் உலகத்தில் எத்தனையோ.

பாடகர் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண். அவள் வீட்டார் கடலுக்குப் போகிறவர்கள். மூட்டை தூக்குகிறவனோடு, அதுவும் வியாசர்பாடிக்காரனோடு போய்விட்டாள் என்று அவர்கள் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது தவழ ஆரம்பித்த சமயத்தில் அந்தப் பெண்ணுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் திரும்பினாள்.

காலையில் ஆள் வந்து சொன்னான். நான் அலுவலகத்துக்குப் போகாமல் நேராகப் போனேன். பாடகர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொட்டி எங்க?"

"எதுக்கு அண்ணா?"

"போய் எடுத்துனு வா வாத்யாரே. நா பாடப்போறேன். புள்ள பெரிசானா கேக்கணும். அவ அம்மாவுக்கு யார்யாரு வந்தாங்கன்னு அவுளுக்குத் தெரியணும்."

புருஷன் பாடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவருடைய அக்கா கத்தினாள். அவர் கேட்கவில்லை. மத்தியான வெயிலில், பந்தல் கீழே, டோலக்காரர் அழுதுகொண்டே வாசிக்க, அவர் பாடினார். அவரே கட்டிய பாட்டு. சாவு வீடுகளில் நாங்கள் எப்போதும் பாடுவது.

*கரையில நிக்கிற கண்ணெல்லாம் உன்னத் தேடுது*
*கட்டுமரம் மட்டும் தனியாத் திரும்பி ஓடுது*

வழக்கமாக இரண்டு சரணம் முடிந்துதான் பேர் சொல்வார் என்றேன். அன்றைக்கு அப்படி இல்லை. முதல் சரணம் முடிந்து, இந்த வரிக்குத் திரும்பியவர், 'கரையில நிக்கிற' என்று எடுத்து அப்படியே நின்றுவிட்டார். தாளம் கலைந்தது. டோலக் தடுமாறிப் பின்னால் ஓடியது. அவர் குரல் உடைந்து, அழுகையும் கூப்பிடுதலுமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். ஒலியின் ஊசி சிவப்புப் பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. துக்கத்தில் பாட்டை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பதிவு கெட்டுப்போகிறதே என்று நினைத்தேன். குனிந்து பொத்தானை அழுத்தினேன். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி பாட்டுக்கு வந்ததும் விட்டேன்.

அவர் எதற்காக அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாரோ, அது மட்டும் அதில் இல்லை.

அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்கவில்லை. "இப்ப வாணாம். உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு யாரிடமும் பேசவே மாட்டார். குழந்தையை அவருடைய அக்கா வளர்த்தாள். என்னைக் கண்டால் அது "சித்தப்பா" என்று ஓடிவரும். அவர்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது பள்ளிக்கூடம் போகிற வயதில் அவருக்கு நெஞ்சில் நோய் முற்றியது. படுக்கையிலிருந்து ஆள் அனுப்பினார். அந்த டேப்பைக் குழந்தையிடம் கொடுத்துவிடச் சொல்லி. கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். போகவில்லை. போனால் அவர் போட்டுக் கேட்பார், கேட்டால் தெரிந்துவிடும். அவர் இறந்த வீட்டுக்குப் போனேன். யாரும் பாடவில்லை. பாட எங்களுக்கு வேறு ஆள் இல்லை. செட்டு அத்தோடு முடிந்தது. குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இளைஞர் கேசட்டுகளை வாங்க வந்தபோது மற்ற எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. என் மனைவிக்கும் தெரியாது.

போன வருடம் ஒரு முன்பகலில் கதவைத் தட்டி ஒரு பெண் வந்து நின்றாள். தலையில் நரை விழத் தொடங்கியிருந்தது. அப்பாவின் தாடை. எனக்கு உடனே தெரிந்தது.

"சார், நான் இன்னார் பொண்ணு" என்று அவள் தகப்பன் பெயரைச் சொன்னாள். 'சார்' என்ற அந்த ஒரு சொல்லில் நான் தூரப் போயிருந்தது எவ்வளவு என்று தெரிந்துகொண்டேன்.

அவள் திருவொற்றியூரில் இட்லி தோசை போடும் ஒரு நாஷ்டா கடை வைத்திருக்கிறாள். நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு கிழவர் அவள் கடைக்கு வந்திருக்கிறார். அவள் அம்மாவின் அண்ணன். பேரன் கைப்பேசியில் எங்கள் பாட்டைக் கேட்டு, குரலை அடையாளம் கண்டு, விசாரித்து விசாரித்து அவளைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"எங்க அத்த சாவறவரிக்கும் ஒண்ணுதான் சார் சொல்லிகினு இருந்துச்சி. உங்கம்மா மூஞ்சக்கூட வந்து பாக்காத ஜென்மங்கன்னு. நானும் அவங்கள மன்சனாவே நெனச்சதில்ல. என் கல்யாணத்துக்குச் சொல்லல. எங்க தாத்தா செத்ததுக்குச் சொல்லி அனுப்புனாங்க, போவல. இந்தாளு வந்து, நாங்க வந்தோம்மா, உங்கப்பா எங்க பேரெல்லாம் சொல்லிப் பாட்னாருன்னு அழுவுறாரு. பொய் சொல்லாத, எய்ந்து போன்னு தொரத்தி வுட்டுட்டேன். போறப்ப சொல்றாரு, கிட்டாரு வாசிச்சவர்கிட்ட டேப்பு கீது, கேட்டுப் பாருன்னு."

என் முகத்தைப் பார்த்தாள்.

"டேப்பு கீதா சார்?"

இருக்கிறது என்றேன். உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானைப் பற்றி, பாட்டரி என்று சொன்ன பொய்யைப் பற்றி, படுக்கையிலிருந்து அவள் அப்பா ஆள் அனுப்பியதைப் பற்றி. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அதுல எங்கம்மா வூட்டுக்காரங்க வந்தாங்களா இல்லியான்னு தெரியாது."

"தெரியாது."

"நீங்க அங்கதான குந்தினு இருந்தீங்க? உங்க காதுல வியலியா?"

விழுந்திருக்க வேண்டும். ஆனால் நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொன்னால் ஒரு கிழவருக்கும் அவளுக்கும் நல்லது நடக்கும். ஆனால் ஏற்கனவே இந்த விஷயத்தில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தான். மறுபடியும் அதைச் செய்யத் துணிவு வரவில்லை. தெரியவில்லை அம்மா என்றேன்.

அவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "டேப்ப எடுத்துனு கடைக்கு வாங்க சார். அந்தாளயும் வரச் சொல்றேன். இல்லாட்டி நாளிக்கி வேறெதுனா கத சொல்வாரு."

கடையின் மத்தியான வியாபாரம் முடிந்த நேரம். வெளியே எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றிருந்தன. அவள் பாதி ஷட்டரை இறக்கினாள். கிழவர் எனக்கு முன்பே வந்து, ஒரு பெஞ்சின் ஓரத்தில், துரத்தினால் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் ரிக்கார்டரை மேசையில் வைத்தேன். போடுவதற்கு முன் அவளே அவரைக் கேட்டாள்.

"டேப்பு போடறதுக்கு முன்னாடி நீ சொல்லு. அன்னிக்கு இன்னா நடந்துச்சி?"

"நானும் எங்கப்பாவும் வந்தோம்மா. உள்ள வர்றதுக்கு தைரியம் இல்ல. அவளத் தலமுழுவுனவங்க நாங்க, எந்த மூஞ்சோட வர்றது? தெரு முனைலயே நின்னுகினு இருந்தோம். உங்கப்பா பாடிகினு இருந்தாரு. 'கரையில நிக்கிற'ன்னு எடுத்தவரு தல நிமிந்து எங்களப் பாத்துட்டாரு. அவ்ளோதான். பாட்ட வுட்டுட்டாரு. அந்த வரி முடியவே இல்ல. எங்கப்பா பேரச் சொல்லி, உன் அப்பா வந்துகீறாரு, தெரு முனைல நிக்கிறாரு, கூப்டு, உள்ள கூப்டுன்னு அவகிட்ட சொல்லிக் கத்துறாரு. அப்புறம் என் பேரு. எங்கப்பா அங்கயே தரைல குந்திட்டாரு. உள்ள போலாம்னு எய்ந்தோம், உங்க அத்த வந்து வெளக்கமாத்தத் தூக்குச்சி. அப்டியே போய்ட்டோம்."

அந்த டேப்பை என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. பேர் சொல்வது இரண்டு சரணத்துக்குப் பிறகுதான் என்பது எங்களைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் அவர் எந்த வரியில் நின்றார் என்பது, அங்கே இருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

பொத்தானை அழுத்தினேன். பழைய டேப்பின் இரைச்சல். டோலக். பாடகரின் குரல் அந்தச் சின்னக் கடையை நிறைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் சரணம் முடிந்தது. அவர் மறுபடி எடுத்தார்.

*கரையில நிக்கிற—*

டக்.

*கட்டுமரம் மட்டும் தனியா...*

அவள் கண்ணைத் திறந்தாள். "திருப்பிப் போடுங்க" என்றாள். போட்டேன். கிழவர் அந்தச் சத்தம் வரும் இடத்துக்குச் சற்று முன்பே தலையைக் குனிந்துகொண்டார், கூப்பிட்டவர் எதிரில் நிற்பதுபோல. மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது முறை அந்த இடம் வந்தபோது கிழவர் வாய்க்குள் ஒரு பேரைச் சொன்னார். அது அவருடைய அப்பாவின் பேராக இருக்க வேண்டும்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எங்க தாத்தாவ எங்கப்பா திட்டிக் கூப்ட்டாரா சார், இல்ல ஆசயா கூப்ட்டாரா?"

"ஆசயாத்தான்மா" என்றார் கிழவர்.

"உன்ன கேக்கல. அவர கேக்கறேன். அவருதான பக்கத்துல இருந்தாரு."

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். அவள் தாத்தா இறந்து வெகுகாலமாகிறது. சொல்லி அனுப்பியும் அவள் போகவில்லை. அந்தத் தாத்தாவின் சாவு வீட்டில், உன் பேத்தி வந்திருக்கிறாள் என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பு இல்லாமல் போனது. அதை நான் எதைக் கொண்டும் அடைக்க முடியாது.

அந்த டேப்பை அவளே வைத்துக்கொண்டாள். இளைஞருக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டாள். இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "எழுதுங்க சார். பேரு மட்டும் போடாதீங்க. அத நாங்க சொல்லிக்கிறோம்" என்றாள். அதனால்தான் இதில் ஒருவருக்கும் பேர் இல்லை.

டேப்பைக் கேட்ட அன்றைக்கு அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். டீக்குப் பால் பொங்கியது. மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, திரும்பாமலே, அந்தக் கிழவரைக் கேட்டாள்.

"மாமா, சக்கர போட்லாமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை என்றாலும் போட்டாள்.

"சார், உங்களுக்கு?"

எனக்கு வேண்டாம் அம்மா என்றேன்.